போயிட்டு வரட்டுங்களா என்று கேட்ட தடம்

நான் தனியாக நடத்திய முதல் வழக்கின் சாட்சி விசாரணை நாளன்று, என் கட்சிக்காரர் எதிர்க்கட்சிக்காரரின் காரில் வந்து இறங்கினார்.

கோர்ட் வாசலில் வேப்பமரத்தடியில் வழக்குக் கட்டை அணைத்துக்கொண்டு நின்றிருந்தேன். மணி பத்து ஆகவில்லை. வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. முன் கதவைத் திறந்து என் வாதி இறங்கினார். ஓட்டுநர் பக்கத்திலிருந்து இறங்கிய பிரதிவாதி, பின் சீட்டில் இருந்த துணிப்பையை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தன் வக்கீலைத் தேடிப் போனார்.

"ஏனுங்க அக்கா, அவரு வண்டியிலயா வந்தீங்க?"

"பஸ்ஸு நிக்காமப் போயிருச்சுங்க கண்ணு. அவரு பாத்துட்டு நிறுத்துனாரு. ரெண்டு பேரும் ஒரே எடத்துக்குத்தானுங்களே வாரோம்."

"கேஸைப் பத்தி ஏதாச்சும் பேசுனீங்களா?"

அவர் என்னைச் சற்று வருத்தத்தோடு பார்த்தார். "அதெப்படிங்க பேசறது? கேஸுதான் கோர்ட்டுல இருக்குதுங்களே. மழையைப் பத்திப் பேசிட்டு வந்தோம்."

சட்டக் கல்லூரியில் ஐந்து வருடம் படித்தும், ஒரு பெரிய வக்கீலிடம் நான்கு வருடம் குப்பை கொட்டியும், எதிரியின் காரில் வருகிற கட்சிக்காரரிடம் என்ன சொல்வது என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. "சரிங்க, வாங்க" என்றேன்.

அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கருமத்தம்பட்டியிலிருந்து உள்ளே போகிற சாலையில் அவருக்கு ஒரு தென்னந்தோப்பு. வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை. மரத்துக்குத் தண்ணீர் விடுவதிலிருந்து காய் பறித்துப் போடுவதுவரை தோப்பு முழுக்க இந்த அக்காவின் பொறுப்பு. தோப்புக்கும் சாலைக்கும் நடுவே பிரதிவாதியின் நிலம். அதில் அவர் தறிக் குடோன் இரண்டு கட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த நிலத்தின் மேற்கு ஓரமாகப் பத்தடி அகலத்தில் ஒரு வண்டித்தடம். அக்கா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தத் தடத்தில்தான் போய்வருகிறார். முதலில் மாட்டுவண்டி, அப்புறம் டிராக்டர், இப்போது தேங்காய் ஏற்றுகிற குட்டியானை வண்டி.

சிக்கல் என்னவென்றால், அக்காவின் பத்திரத்தில் அந்தத் தடத்தைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. எங்கள் பக்கத்துப் பத்திரங்களில் பொதுவாக "மாமூல் தடத்தில் நடக்கவும் வண்டி வாகனங்கள் ஓட்டவும் பாத்தியம்" என்று எழுத மறக்க மாட்டார்கள். அவருடைய மாமனார் வாங்கிய பத்திரத்தில் எழுதியவர் மறந்திருக்கிறார். கிழக்கே பள்ளத்துக்குள் இறங்கி நடந்து போக ஒற்றையடிப் பாதை வேறு இருந்தது. எனவே "இந்த வழியை விட்டால் வேறு வழியே இல்லை" என்றும் அடித்துச் சொல்ல முடியாது.

முப்பது வருடம் யாருக்கும் பத்திரம் தேவைப்படவில்லை. போன வருடம் குடோன் வாசலிலிருந்து இரண்டு நூல் மூட்டை காணாமல் போனது. பிரதிவாதி சாலையோரத்தில் இரும்புக் கேட் போட்டு, பூட்டும் போட்டார். அக்காவிடம் வந்து, "கோவிச்சுக்காதீங்க அம்மணி, வர்றப்ப ஒரு போன் பண்ணுங்க, ஆளை அனுப்பித் தொறந்து உடறோம்" என்று சொல்லிவிட்டும் போனார்.

தறி ஓடுகிற குடோனில் போன் அடித்தால் யாருக்குக் கேட்கும்? அக்கா முதல் நாள் அரை மணி நேரம் நின்றார். இரண்டாம் நாள் ஒரு மணி நேரம். மூன்றாம் நாள் காய் ஏற்ற வந்த வண்டிக்காரர் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு தோப்புக்குப் போய்விட்டார். நான்காம் நாள் அக்கா வீட்டிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்து பூட்டை உடைத்தார். வண்டியை உள்ளே விட்டார். அன்று மாலையே கடைக்குப் போய் அதே அளவில் ஒரு புதுப் பூட்டு வாங்கி, "உங்க பூட்டை ஒடச்சுப்போட்டனுங்க, தப்பா நெனைக்காதீங்க" என்று பிரதிவாதியின் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். அவரும் வாங்கிக்கொண்டு, காபி கொடுத்து அனுப்பி, மறுநாள் காலையில் அந்தப் புதுப் பூட்டையே கேட்டில் போட்டுப் பூட்டினார்.

அதற்கு மறுநாள்தான் அக்கா என்னிடம் வந்தார்.

நான் அப்போதுதான் தனியாக அறை எடுத்திருந்தேன். ஒரு மேசை, மூன்று நாற்காலி, பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் அப்பா அடித்துக் கொடுத்த இரும்பு அலமாரி. அலமாரியில் புத்தகத்தை விட இடம்தான் அதிகம். அக்கா எதிரே உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னார். நான் முதலில் கேட்கவேண்டியதைக் கேட்டேன்.

"உங்களுக்கு என்னங்க அக்கா வேணும்? நடந்த நட்டத்துக்குப் பணமா? இல்ல, இனிமேல் பூட்டக்கூடாதுன்னு உத்தரவா?"

"பணத்தை வச்சுட்டு நான் என்னங்க பண்ணட்டும்? எனக்குத் தோப்புக்குப் போகோணும்."

நம் சட்டத்துக்கு மூல ஊரான இங்கிலாந்தில் ஒரு காலத்தில் இதே பதிலைச் சொன்னவர்கள் திண்டாடியிருக்கிறார்கள். அரசரின் நீதிமன்றங்களில் பெரும்பாலும் நட்ட ஈடுதான் கிடைக்கும். கெட்டது நடந்து முடிந்த பிறகு அதற்கு இவ்வளவு பணம் என்று தீர்ப்பு வரும். பணத்தால் தீராத குறை உள்ளவர்கள் அரசரிடமே மனுக் கொடுத்தார்கள். அரசர் அதைத் தன் மனசாட்சிக்குக் காவலர் என்று கருதப்பட்ட தலைமை மந்திரியிடம் தள்ளிவிட்டார். அவர் எதிராளியைக் கூப்பிட்டு "இதைச் செய்யாதே" என்றோ "இதைச் செய்" என்றோ நேராக உத்தரவு போட்டார். இன்று நாம் சாதாரணமாக "ஸ்டே வாங்கிட்டேன்" என்று சொல்லும் தடை உத்தரவு அப்படிப் பிறந்ததுதான். இதை நான் கொஞ்சம் உற்சாகமாகவே அக்காவிடம் சொன்னேன். படித்ததை யாரிடமாவது சொல்லிப் பார்க்கும் ஆசை.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவங்கூர்லயும் தடத் தகராறு இருந்துதுங்களா?" என்றார்.

"நெறையங்க."

"அப்பச் செரி" என்றார். அந்தச் சட்டத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை வந்த இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

மந்திரியின் மனசாட்சியிலிருந்து வந்ததாலேயே அந்தப் பரிகாரத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. கேட்டு வருகிறவரின் கை சுத்தமாக இருக்கவேண்டும். அந்த விவகாரத்தில் தானும் ஒரு தப்புச் செய்துவிட்டு அதை மறைத்துக்கொண்டு வந்தால் நீதிமன்றம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எனக்குப் பூட்டு உடைத்த விஷயம் உறுத்தியது. பிராதில், அதாவது வழக்கு மனுவில், அதை எழுதியே ஆகவேண்டும் என்றேன்.

"நாம்பளே எழுதிக் குடுக்கறதுங்களா? அவருக்குத் தெரியுமே. அவரே சொல்லட்டுமே."

"அவரு சொல்லி நீதிபதிக்குத் தெரிஞ்சா நாம மறைச்சதாப் போயிருமுங்க. நாம சொன்னா உள்ளதைச் சொன்னதா ஆயிரும்."

அவர் யோசித்தார். "அப்ப, புதுப் பூட்டு வாங்கிக் குடுத்ததையும் எழுதிப்போடுங்க" என்றார். எழுதினேன். பூட்டை உடைத்தவர் அதே மூச்சில் பூட்டு வாங்கிக் கொடுத்ததாகச் சொல்லும் பிராதை அதற்கு முன்னும் பின்னும் நான் தாக்கல் செய்ததில்லை.

இடைக்காலத் தடை கேட்டபோது நீதிபதி வழக்கமான மூன்றையும் பார்த்தார். மேலோட்டமாகப் பார்க்கையில் வழக்கில் சத்து இருக்கிறதா, உத்தரவு போட்டால் யாருக்கு அதிகச் சிரமம், போடாவிட்டால் பின்னால் சரிசெய்ய முடியாத கேடு வருமா. பறிக்கவேண்டிய காய் மரத்தில் காத்திருக்காது என்று வாதாடினேன். வழக்கு முடியும்வரை பகல் நேரத்தில் கேட்டைப் பூட்டக்கூடாது என்று உத்தரவு வந்தது. பிரதிவாதி ஒரு நாள் கூட அதை மீறவில்லை. அதனால் எனக்குக் கொஞ்சம் மிதப்பு வந்துவிட்டது. சட்டப்படி, பிறர் நிலத்தின் வழியை இருபது வருடம் தொடர்ந்து, வெளிப்படையாக, சண்டையில்லாமல், தன் உரிமை என்ற நினைப்பில் பயன்படுத்தியிருந்தால் அது வழிப்பாத்தியமாகிவிடும். எங்களுக்கு முப்பது வருடம். அக்கம்பக்கத்துச் சாட்சிகள் தயார். இனி என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வட்டாரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். குரலை உயர்த்தவே மாட்டார். அக்கா கூண்டில் ஏறியதும், "நல்லா இருக்கீங்களா அம்மணி?" என்று கேட்டுவிட்டுத்தான் குறுக்கு விசாரணையைத் தொடங்கினார். தடம் எத்தனை அடி, கேட் எந்தப் பக்கம் என்று நாலைந்து கேள்வி. பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"தடத்துல போறப்ப எல்லாம் அவருகிட்டச் சொல்லீட்டுத்தான் போவீங்களா அம்மணி?"

"ஆமாங்க."

"என்னன்னு சொல்லுவீங்க?"

"போயிட்டு வரட்டுங்களான்னு கேப்பனுங்க."

"கேப்பீங்க."

"கேப்பனுங்க."

"அவரு என்ன சொல்லுவாரு?"

"போயிட்டு வாங்க அம்மணிம்பாரு."

"இப்படி எத்தன வருசமா?"

"நான் இந்தூருக்கு வந்ததுலிருந்துங்க. முன்னால அவங்க அப்பாருகிட்டக் கேப்பேன். அவரு போனதுக்கப்புறம் இவருகிட்ட."

"ஒரு நாளாச்சும் கேக்காமப் போயிருக்கீங்களா?"

அக்கா நிமிர்ந்து நின்றார். முப்பது வருட நல்ல பெயரைப் பற்றிய கேள்வியாக அவருக்கு அது பட்டிருக்கிறது. "ஒரு நாள் கூட இல்லீங்க" என்றார்.

"வேற கேள்வி இல்லீங்க அம்மா" என்று நீதிபதியிடம் சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்துவிட்டார்.

"தன் உரிமை என்ற நினைப்பில்" என்பதுதான் அந்தச் சட்டத்தின் முதுகெலும்பு. அடுத்தவர் அனுமதி கொடுத்து நீங்கள் போய்வந்தால், இருபது வருடமென்ன, இருநூறு வருடம் போனாலும் அது உரிமையாகாது. அனுமதி கொடுத்தவர் நினைத்த நாளில் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அக்கா ஒரு நாள் விடாமல் அனுமதி கேட்டதாகத் தன் வாயால் சொல்லிவிட்டார். அதுவும் பெருமையாக.

நீதிபதி தெற்கு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்து சில மாதம்தான் ஆகியிருந்த இளம்பெண். சாட்சியம் பதிவாக அவர் தட்டச்சரிடம் சொல்ல ஆரம்பித்தார். "ஒவ்வொரு முறையும் நான் பிரதிவாதியிடம் அனுமதி கேட்ட பிறகே வழக்குத் தடத்தில் சென்று வந்தேன்..."

நான் எழுந்துவிட்டேன். யோசித்து எழவில்லை. அந்த "அனுமதி" என்ற சொல் காதில் விழுந்ததும் கால் தானாக எழுந்தது.

"மன்னிக்கணும் அம்மா. சாட்சி அனுமதின்னு சொல்லலை. சொன்ன வார்த்தையே பதிவாகணும்."

"கேட்டுட்டுப் போவேன்னு சொன்னாங்களே?"

"போயிட்டு வரட்டுங்களான்னு கேட்டதாச் சொன்னாங்க. அந்த வார்த்தை அப்படியே வரணும்னு கேட்டுக்கறேன். அதுக்கு என்ன அர்த்தம்னு பின்னால வாதத்துல பாத்துக்கலாம்."

எதிர் வக்கீல் மெல்லத் தலையசைத்தார். அதை ஆட்சேபிக்க அவருக்குக் காரணமில்லை. நீதிபதி ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, தட்டச்சரை அடிக்கச் சொன்னார். மேற்கோள் குறிக்குள் 'போயிட்டு வரட்டுங்களா' பதிவானது. அந்தத் தட்டச்சர் உள்ளூர்க்காரர். சிரிப்பை அடக்கிக்கொண்டு அடித்தார்.

குறுக்கு விசாரணையில் எழுந்த விஷயத்தை விளக்க மறு விசாரணைக்கு வாய்ப்பு உண்டு. பதிலை ஊட்டும் கேள்வியாகக் கேட்கக்கூடாது. ஒன்றே ஒன்று கேட்டேன்.

"எதுக்காக அப்படிக் கேப்பீங்க?"

"ஒருத்தரு வாசலைத் தாண்டிப் போறோம். ஒண்ணும் சொல்லாமப் போனா மனுசங்க என்ன நெனைப்பாங்க?"

அதற்கு மேல் கேட்கப் பயமாக இருந்தது. உட்கார்ந்துவிட்டேன். அக்கா கூண்டின் படியில் இறங்கிக்கொண்டே நீதிபதியைப் பார்த்து, "அப்ப, நான் போயிட்டு வரட்டுங்களா?" என்றார். சொல்லி முடிக்கும்போது பாதித் தூரம் நடந்துவிட்டார்.

"நான் இன்னும் போகச் சொல்லலையே" என்றார் நீதிபதி.

அக்கா சட்டென்று நின்று திரும்பினார். "ஏனுங்க, இன்னும் ஏதாச்சும் கேக்கோணுமுங்களா?"

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீதிபதியும் லேசாகச் சிரித்துவிட்டு, "போங்கம்மா" என்றார். அவர் அதைக் குறித்துக்கொண்டாரா என்று அன்று எனக்குத் தெரியாது.

அடுத்த வாய்தாவுக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரமும் என் காது வேறு மாதிரி ஆகிவிட்டது. பஸ்ஸில் ஒருவர் கண்டக்டரிடம் "எறங்கிக்கட்டுங்களா" என்று கேட்டுக்கொண்டே இறங்கிப் போனார். பெட்ரோல் பங்கில் பணியாள் "போட்டுக்கட்டுங்களா" என்று கேட்கும்போதே பெட்ரோல் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் போனை வைக்குமுன் "வச்சறட்டுங்களா" என்றார், பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்தார். நானே என் அம்மாவிடம் "தூங்கப் போகட்டுமா" என்று கேட்டேன். முப்பது வயதில் தூங்குவதற்கு நான் யாரிடம் அனுமதி கேட்கிறேன்? கோயமுத்தூர் முழுவதும் ஒருவரையொருவர் அனுமதி கேட்டுக்கொண்டு, அதற்குக் காத்திராமல் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. சட்டம் அறிந்த எதிர் வக்கீலும் அதே ஊர்க்காரர்தான். அவருக்கும் இது தெரியும். தெரிந்துதான் கேட்டார். அது அவர் தொழில்.

தெரிந்தால் மட்டும் போதாது. நிரூபிக்கவேண்டும். 'அது வெறும் மரியாதை' என்று நான் வாதத்தில் சொன்னால் அது வக்கீலின் பேச்சு. சாட்சியத்தில் ஏதாவது இருக்கவேண்டும். ஒரு நாள் அக்காவை அறைக்கு வரச்சொல்லி, திரும்பத் திரும்பக் கேட்டேன். "எப்பவாச்சும் அவரு போகக்கூடாதுன்னு சொல்லி, நீங்க போயிருக்கீங்களா? கேட் போடறதுக்கு முன்னாடி?"

"அவரு எதுக்குங்க அப்படிச் சொல்லப்போறாரு? நல்ல மனுசனுங்க."

"தடத்துல ஏதாச்சும் குறுக்க வச்சிருப்பாரா? வண்டி நிறுத்தியிருப்பாரு, கல்லுக் கொட்டியிருப்பாரு..."

அக்கா கையிலிருந்த டீயை வைத்தார். "அவரு பொண்ணு கல்யாணத்துக்குப் பந்தல் போட்டாருங்க. தடத்துலயே. பத்துப் பன்னெண்டு வருசம் இருக்குமுங்க."

"அப்புறம்?"

"எனக்கு அன்னைக்குக் காய் போட்டிருந்துது. வண்டி வருதுங்க, பந்தலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்குங்கன்னு சொன்னேன். தள்ளிப் போட்டுக்கிட்டாரு."

"கல்யாணப் பந்தலையா?"

"வண்டி போகோணுமில்லீங்க கண்ணு. நானும் கூட நின்னு மூங்கில் புடிச்சுக் குடுத்தேன். சாயங்காலம் அங்கதான் சாப்பிட்டேன்."

இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்க கேக்கலைங்களே என்றார். நியாயம்தான். தகராறு எதுவும் நடந்ததா என்றுதான் நான் முதலில் கேட்டிருந்தேன். அது அவருக்குத் தகராறாகவே தெரியவில்லை.

புகைப்படம் இல்லை. பந்தல் போட்டவர் ஊரை விட்டே போய்விட்டார். அக்காவின் சாட்சியம் முடிந்துவிட்டது. மறுபடி கூண்டேற்ற மனுப் போட்டால், யோசித்துத் தயாரித்த கதை என்று எதிர் வக்கீல் ஒரே வரியில் தள்ளிவிடுவார். இதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் பிரதிவாதிதான். பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்காதே என்பது தொழிலில் முதல் நாள் கற்கிற பாடம். அவர் "அப்படி எதுவும் நடக்கலைங்க" என்று சொல்லிவிட்டால் பந்தலோடு வழக்கும் முடிந்தது. கேட்காமல் விட்டாலும் முடிந்த மாதிரிதான்.

அவர் கூண்டில் ஏறினார். தறிக்காரர்கள் எல்லோரையும் போல உரக்கப் பேசுவார். முழு மரியாதையையும் உரக்கச் சொல்வார். நூல் மூட்டை திருட்டு, கேட், பூட்டு எல்லாம் கேட்டு முடித்தேன்.

"உங்க பொண்ணு கல்யாணத்துக்கு அந்தத் தடத்துல பந்தல் போட்டீங்களா?"

எதிர் வக்கீல் நிமிர்ந்தார்.

"போட்டனுங்க" என்றார் பிரதிவாதி.

"தடத்தை அடைச்சா?"

"ரெண்டு நாளைக்குத்தானுங்களேன்னு அடைச்சுப் போட்டனுங்க."

"வாதி வந்து ஏதாச்சும் சொன்னாங்களா?"

"தேங்கா வண்டி வருது, பந்தலைத் தள்ளிப் போட்டுக்குங்கன்னாங்க."

"கேட்டாங்களா, சொன்னாங்களா?"

அவர் யோசித்தார். பொய் யோசிக்கிறவரின் முகமல்ல அது. அந்த நாளை ஞாபகப்படுத்துகிறவரின் முகம். "சொன்னாங்க. மரியாதையாத்தான் சொன்னாங்க."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"தள்ளிப் போட்டுக்கிட்டனுங்க."

அங்கே நிறுத்தியிருக்கவேண்டும். எந்தப் பெரிய வக்கீலும் அங்கே நிறுத்தியிருப்பார். எனக்கு வாய் நிற்கவில்லை. "கல்யாண வேலைக்கு நடுவுல எதுக்குங்க தள்ளிப் போட்டீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"அவங்க போகோணுமில்லீங்களா?" என்றார், எனக்கு இது கூடத் தெரியாதா என்கிற குரலில். "தடமாச்சுங்களே."

தட்டச்சு நின்றது. எதிர் வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். மறு விசாரணை உண்டா என்று நீதிபதி கேட்டதற்கு, "இல்லீங்க" என்றார். வெளியே வராந்தாவில் என்னைக் கடக்கும்போது, "கடைசிக் கேள்வியை நீங்க கேட்டிருக்கக்கூடாது" என்றார். "தெரியுங்க சார்" என்றேன். "கேட்டது நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

எனக்கு அன்று சந்தோஷத்தை விடவும் வேறொன்று அதிகமாக இருந்தது. அந்த மனிதர் ஒரு பொய் சொல்லியிருந்தால் ஜெயித்திருப்பார். அவருடைய வக்கீலும், நானும், அவரும் மூன்று பேருமே அதை அறிந்திருந்தோம். சத்தியம் செய்துவிட்டுக் கூண்டில் பொய் சொல்கிறவர்களை வாரத்துக்கு நாலு பேரையாவது பார்க்கிறவள் நான். பார்க்கிங் பக்கம் போனபோது அவர் காருக்கு அருகில் நின்றிருந்தார். என்ன சொல்வதென்று தெரியாமல், "வாரேனுங்க" என்றேன். "செரிங்க அம்மணி" என்றார். அவ்வளவுதான்.

தீர்ப்பு இரண்டு மாதம் கழித்து வந்தது. நீதிபதி முக்கியப் பகுதியை மட்டும் வாசித்தார். இந்த வட்டாரத்தில் ஒருவர் வாசலைக் கடக்கையில் "போயிட்டு வரட்டுங்களா" என்பது விடைபெறும் சொல்லே தவிர விண்ணப்பம் அல்ல. மறுக்கும் அதிகாரம் உள்ளவரிடம் கேட்பதுதான் அனுமதி. தன் வீட்டுக் கல்யாணப் பந்தலையே தள்ளிப் போட்ட பிரதிவாதி, தனக்கு அந்த அதிகாரம் இருப்பதாக ஒருபோதும் நினைக்கவில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். வாதிக்கு வழிப்பாத்தியம் உண்டு என்று அறிவித்து, இடைஞ்சல் செய்யாதிருக்க நிரந்தரத் தடையும் கொடுத்தார்.

கேட்டை அகற்றச் சொல்லி நாங்கள் கேட்டிருந்தோம். அது கிடைக்கவில்லை. திருட்டுப் பயம் உண்மையானது, கேட் இருக்கலாம், பகலில் பூட்டக்கூடாது, இரவில் பூட்டினால் ஒரு சாவி வாதியிடம் இருக்கவேண்டும். இருவரின் சௌகரியத்தையும் தராசில் வைத்துப் பார்ப்பதும் அந்தப் பழைய மந்திரியின் மனசாட்சியில் சேர்ந்ததுதான். பூட்டை உடைத்ததற்கு அக்காவுக்கு இரண்டு வரி கண்டிப்பும் இருந்தது. முதலில் கோர்ட்டுக்கு வந்திருக்கவேண்டும், எனினும் மறைக்காமல் பிராதிலேயே சொல்லியிருக்கிறார் என்று. வழக்குச் செலவு அவரவருடையது.

"ரெண்டு வரி திட்டிப்போட்டாங்களே" என்றார் அக்கா வெளியே வந்ததும்.

"ஜெயிச்சிருக்கோமுங்க அக்கா."

"அது செரிங்க. இருந்தாலும்."

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் இருந்தது. நான் தினமும் எண்ணினேன். முப்பத்தோராம் நாள் காலையில் பிரதிவாதியிடமிருந்தே போன் வந்தது. பின்னணியில் தறிச்சத்தம். எடுத்த எடுப்பில் அப்பீல்தான் என்று நினைத்து நாற்காலியில் நேராக உட்கார்ந்தேன்.

"அம்மணி, ஒரு பத்திரம் எழுதோணுமுங்க" என்று கத்தினார்.

தானும் அக்காவும் இருக்கும்வரை பிரச்சினை வராது, ஆனால் அவருடைய மகன் பெங்களூரில், அக்காவின் மகள் சென்னையில். நாளைக்கு இரண்டு நிலத்தில் ஒன்று கைமாறினால் வாங்குகிறவருக்குப் பந்தல் கதையெல்லாம் எப்படித் தெரியும்? தீர்ப்பு நகலைத் தேடி யார் படிப்பார்கள்? வில்லங்கம் போட்டுப் பார்த்தால் தெரிகிற மாதிரி தடத்தின் நீள அகலத்தோடு எழுதிப் பதிந்துவிடலாம் என்று இருவரும் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். தோற்றவர் தன் செலவில் பத்திரம் எழுதிக் கொடுக்க வருவதற்குச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை. இரு தரப்புக்கும் சேர்த்து நான் எழுதலாமா என்று யோசித்து, அவருடைய வக்கீலுக்குப் போன் செய்து சொன்னேன். பத்திரத்தின் வரைவைத் தனக்கு ஒரு முறை அனுப்பச் சொன்னார். ஒரு காற்புள்ளியைத் திருத்தித் திருப்பி அனுப்பினார்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் அன்று முகூர்த்த நாள் கூட்டம். எங்கள் டோக்கன் வந்தபோது மதியமாகிவிட்டது. கேமராவுக்கு முன்னால் ஒரே ஒரு நாற்காலி. ஒவ்வொருவராக உட்கார்ந்து புகைப்படமும் கைரேகையும் கொடுக்கவேண்டும்.

"நீங்க மொதல்ல உக்காருங்க அம்மணி" என்றார் அவர்.

"எழுதிக் குடுக்கறவரு நீங்கதானுங்க. நீங்க உக்காருங்க."

"பொம்பளைங்க நிக்கறப்ப நான் எப்படிங்க?"

"உங்களுக்குக் கால் வலி இருக்குதுங்களே, உக்காருங்க."

கேமராக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். பின்னால் வரிசையில் ஒருவர் இருமினார்.

"யாராச்சும் ஒருத்தர் உக்காருங்க சாமி" என்றார் கேமராக்காரர்.